குடம் வைத்த தழும்பு

அத்தியாயம் 5

சாலைப்புதூரில் ஆட்களைவிடப் பலகைகள் அதிகம்.

ஊர் எல்லையில் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு மாதேஷ் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்தான். சோலார் விளக்கு ஒரு வெளிநாட்டாரின் அன்பளிப்பு. கழிப்பறை இன்னொரு நாட்டார். தையல் கூடம் மூன்றாவது நாட்டார். நூலகம் கொடுத்தவர்களின் பெயர் வாயில் நுழையவில்லை. நூலகத்துக்குள் ஆடு நுழைந்திருந்தது.

"அக்கா, இது ஊருங்களா, ஐ.நா. சபைங்களா?"

ராஜாமணி முன்னே போனார். போலீஸில் ஏட்டம்மாவாக இருந்து, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். ஆட்டோ ஓட்டும் மாதேஷ்தான் அவருக்கு உதவியாள். நிலையத்துக்கு வருகிற வழக்குகளில் முக்கால்வாசி, 'மாப்பிள்ளை குடிப்பாரா?' என்பதுதான். ஓர் ஊரே என்ன குடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். கடல் தாண்டிய ஒரு தொண்டு நிறுவனம், தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊருக்கு ஒரு சுத்திகரிப்பு மெஷின் தருவதாக அறிவித்திருந்தது. இந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு மெஷின். போட்டியில் இரண்டு ஊர்கள். பாலக்கோடு ரோட்டை ஒட்டி சாலைப்புதூர், கரட்டுக் குன்றின் மேலே மேட்டுக்கொல்லை. மேட்டுக்கொல்லையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சிரித்தால் பல்லெல்லாம் காவி. நடுவயதுக்காரர் கீழே உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். மெஷின் அங்கேதான் போகும் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள்.

இரண்டு ஊரிலும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் பிடித்துச் சோதித்தார்கள். மேட்டுக்கொல்லைத் தண்ணீர் அமிர்தம், சாலைப்புதூர்த் தண்ணீர் விஷம் என்று முடிவு வந்தது. இன்று சாயங்காலம் சாலைப்புதூரில் அடிக்கல் விழா.

பாட்டிலை மாற்றிவிட்டார்கள் என்று மேட்டுக்கொல்லை கொதித்தது. அந்தப் பாட்டிலைக் கரட்டு வழியாகக் கீழே நின்ற காருக்குத் தனியாகக் கொண்டுபோனவள் அங்கன்வாடி டீச்சர் அன்பரசி. அவளுடைய நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருப்பதோ சாலைப்புதூரில். வேறென்ன சாட்சி வேண்டும்? ஊர் தன் பிள்ளைகளை அவளிடம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. வேலையிலிருந்து நீக்கச் சொல்லிக் கலெக்டருக்கு மனுவும் தயார். அழுது வீங்கிய முகத்தோடு அன்பரசி ராஜாமணியின் மாடிப்படி ஏறியது அதற்காகத்தான்.

"வாங்க மேடம், வாங்க, வாங்க!"

வெள்ளைச் சட்டையும் விரித்த சால்வையுமாக ஒருவர் எதிரே ஓடிவந்தார். ராஜாமணி வாயைத் திறப்பதற்குள் சால்வை தோளில் விழுந்துவிட்டது.

"சந்திரமோகன். ஊர் நலச் சங்கச் செயலாளர். மேடம் எந்த நாட்டுலருந்து வர்றீங்க?"

"தருமபுரிங்க."

சந்திரமோகன் சால்வையை ஏக்கத்தோடு பார்த்தார். போட்டதை உருவ முடியாது.

"சாம்பிள் எடுத்த எடத்தைப் பார்க்கணும்" என்றார் ராஜாமணி.

அதற்கென்ன! ஊரின் கடைக்கோடிக்கு, கரட்டின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஓர் அடிபம்பு நீலப் பெயிண்ட் மினுங்க நின்றது. கைப்பிடியில் மாவிலைத் தோரணம். சுற்றிலும் கோலம். பக்கத்தில் முக்காலி போட்டு, தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர்.

"இவரு சின்னராஜ் அண்ணன். அண்ணே, காட்டுங்க."

பெரியவர் வாயைத் திறந்தார். பற்கள் செங்கல் நிறத்தில் அரித்துப்போயிருந்தன. ரயில்வே கேட் மாதிரி மறுபடி மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா மேடம், எங்க ஜனங்க படற பாடு!"

ராஜாமணி சந்திரமோகனின் வாயைப் பார்த்தார். முத்துப் போன்ற பற்கள். வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பேரும் இளித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாம் பால்வெள்ளை.

"அண்ணனுக்குச் சொந்த ஊரே இதுதானுங்களா?"

"மேட்டுக்கொல்லைங்க" என்றார் சின்னராஜ், கள்ளமில்லாமல். "காரு வர்ற அன்னிக்கு மட்டும் இங்க. சோறு போடுவாங்க. கறிக்கொழம்பா இருந்தா ரெண்டு தரம் காட்டுவேன்."

சந்திரமோகனுக்கு இருமல் வந்தது.

"உங்க ஊர்லயே உக்காந்து காட்டலாமேண்ணே?" என்றான் மாதேஷ்.

"அங்க எவன் வந்து பாக்கறான்?"

ராஜாமணி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பம்பின் அடியில் குந்தினார். சிமெண்டுத் தளத்தை உள்ளங்கையால் தடவினார். "மாதேசு, உங்க தெருப் பைப்புக்கு அடியில என்ன இருக்கும்?"

"சண்டை இருக்குமுங்க்கா."

"அதுக்கும் அடியில?"

மாதேஷ் யோசித்தான். "குடம் வெச்சு வெச்சு வட்டமா குழி விழுந்திருக்கும்."

"இங்க காட்டு."

அவனும் குனிந்து பார்த்தான். தளம் அம்மைத் தழும்பு இல்லாத கன்னம் போல வழவழவென்று இருந்தது. கோலப்பொடியைத் தள்ளினால் விளிம்போரம் புல் முளைத்திருந்தது. ஒரு குடமும் அங்கே உட்கார்ந்ததில்லை.

ராஜாமணி எழுந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வெயிலு மண்டையப் பொளக்குது. அண்ணே, இதுலருந்தே ஒரு சொம்பு அடிச்சுக் கொடுங்களேன், குடிக்கலாம்."

சந்திரமோகன் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார். "ஐயோ மேடம், இதையா? வாயில வெக்க முடியாதுங்க! வூட்டுக் கொழாய்லருந்து கொண்டாரச் சொல்றேன். ஆத்துத் தண்ணி. கல்கண்டாட்டம் இருக்கும்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பம்பின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"கல்கண்டு வூட்டுல இருக்குது, கஷாயம் கண்காட்சில இருக்குது" என்றான் மாதேஷ்.

மாட்டிக்கொண்ட மனிதர் கூச்சப்படவில்லை. நாற்காலி வரவழைத்து நிதானமாகவே விளக்கினார். "மேடம், 'உங்க ஊருத் தண்ணியக் காட்டுங்க'ன்னாங்க. காட்டுனோம். யாரு குடிக்கறாங்கன்னு கேட்டாங்களா? கேக்கலைங்களே. இந்த போர் கரட்டுப் பாறையில போட்டது. மேட்டுக்கொல்லைக்குப் போற அதே ஊத்துதான் இங்கயும் வருது. போட்ட அன்னிக்கே காறித் துப்பிட்டு விட்டுட்டோம். எப்பனாச்சும் விருந்தாளி வந்தா ஒரு பெயிண்ட் அடிக்கறது. அவ்ளோதான்."

"மேட்டுக்கொல்லை பாட்டில்ல கை வெச்சது யாரு?"

"எங்க குலதெய்வத்து மேல சத்தியமா நாங்க இல்லீங்க." இப்போதுதான் அவர் குரலில் உண்மையான வருத்தம் வந்தது. "அந்த ரிசல்ட்டைப் பாத்து எங்களுக்கே தூக்கி வாரிப்போட்டுது. இந்தத் தடவை மேலதான் போவும், அடுத்த வருசம் வேற ஒண்ணு வரும் பாத்துக்கலாம்னு சால்வையெல்லாம் மடிச்சு பீரோவுல வெச்சுட்டோம். அன்பரசியா? பாவம், அது ஈ எறும்புக்குத் தீங்கு நெனைக்காத பொண்ணு."

பொய் சொல்கிறவர்களின் முகத்தைப் பல வருடம் பார்த்த ராஜாமணி, "நம்பறேன்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் தெருக்குழாய் ஒன்றைக் கண்டு நின்றார். இங்கே கல்லில் குடம் வைத்த தழும்பு ஆழமாகப் பதிந்து ஈரமாகக் கிடந்தது. பக்கத்துச் சுவரின் மேல் யாரோ மறந்துவிட்டுப் போன சும்மாடு, பச்சைக் கட்டம் போட்ட பழைய சேலைத் துணியைச் சுருட்டி, சிவப்பு ரிப்பனால் கட்டியது.

"இதுல என்னங்க்கா இருக்குது? தலையில வெக்கற துணி."

"வாசலுக்கு வாசல் கொழாய் இருக்கற ஊர்ல, தண்ணியத் தலையில தூக்கறது யாரு மாதேசு?"

மாதேஷ் அதைத் தன் தலையில் வைத்துப் பார்த்தான்.

ராஜாமணி சும்மாட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, செல்போனை எடுத்து யாரிடமோ கறாராக நாலு வார்த்தை பேசினார்.

தார் ரோடு கரட்டடியில் முடிந்தது. ஆட்டோ அதற்கு மேல் முக்கிப் பார்த்து மூச்சை விட்டது.

"எறங்குங்க்கா. பெரிய பெரிய காரே இங்கதான் நிக்குமாம்." மாதேஷ் சாவியைப் பிடுங்கினான். "உதவிங்கறது டில்லில அருவியாக் கொட்டுது, சென்னையில கால்வாயா ஓடுது, தருமபுரிக்கு வாளில வருது. ரோடு முடிஞ்ச எடத்துல வாளியக் கவுத்துடறாங்க. இதுக்கு மேல வெறும் வேர்வைதான் ஏறும்."

"மூச்சை மிச்சம் புடி. ஏறணும்."

கல்லும் முள்ளுமான ஏற்றம். மேலே போய்ச் சேர்ந்தபோது அன்பரசி அங்கன்வாடி வாசலில் நின்றிருந்தாள். உள்ளே குட்டி நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை. அவித்த முட்டைகள் தட்டில் அப்படியே இருந்தன.

"நேத்தும் அவிச்சேங்க. இன்னிக்கும் அவிச்சேன். யாரும் வரல" என்றாள். "பாட்டில் ரொப்புனது தங்கம்மாள் பெரிம்மா வூட்டுல. அவங்கதான் என்னைய ரொம்பப் பேசறாங்க. நான் உள்ள வரலீங்க, நீங்க போங்க."

தங்கம்மாள் வீட்டு வாசலில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. மகன் தர்மனுக்குப் பெண் பேசியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அரூர்ப் பக்கமிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். தங்கம்மாள் வாட்டசாட்டமான மனுஷி. பேசும்போதெல்லாம் முந்தானை நுனி வாயை மறைத்துக்கொள்ளும். வந்தவர்கள் யாரென்று கேட்பதற்கு முன்பே உள்ளே போய்ப் பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

மாதேஷ் அண்ணாந்து கடகடவென்று குடித்தான். "ஆத்தா, தண்ணியா இது? கல்கண்டாட்டம்..."

பாதியில் நிறுத்திவிட்டான். இந்த வார்த்தையை இன்றைக்கு இன்னொருவர் வாயில் கேட்டிருந்தான். ராஜாமணி அவனைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

"பாட்டில்ல தண்ணி ஊத்துனது யாருங்க?"

"நாந்தான்! இதே கையால!" தங்கம்மாள் கையைத் தூக்கிக் காட்டினாள். வாசலுக்கு வெளியே புங்கமரத்தடியில் நிற்கிற அன்பரசிக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கப் பேசினாள். "வெள்ளக்காரம்மா, அந்த மெஷின் ஆபீசு இன்னாசி சாரு, எல்லாம் வேர்த்து வழிஞ்சு இங்கதான் உக்காந்தாங்க. பாட்டிலை நீட்டுனாங்க. ரொப்பிக் கொடுத்தேன். மூடி போட்டு இவ கையில கொடுத்தாங்க. கீழ போறதுக்குள்ள நாத்தனா வூட்டுத் தண்ணியா மாறிப்போச்சு. எங்க புள்ளைங்க பல்லை வித்துட்டா, பாதகத்தி!"

"ரொப்புன கொடத்தைப் பாக்கலாங்களா?"

அடுக்களையில் இரண்டு குடங்கள் இருந்தன. ஒன்று பிளாஸ்டிக். உள்ளே கழுத்துவரை சுண்ணாம்பு அடித்தது போல உப்புப் படிந்திருந்தது. இன்னொன்று புளி போட்டுத் துலக்கிய பித்தளை. வாயில் வெள்ளைத் துணி கட்டி, மூலையில் சாமி மாதிரி தனியாக வைத்திருந்தது. துணியை விலக்கி எட்டிப் பார்த்தால் அடிப்பாகம் பளபளத்தது. ஒரு பொட்டு உப்பில்லை.

ராஜாமணி பைக்குள் கையை விட்டுச் சும்மாட்டை எடுத்தார்.

"அடி ஆத்தி!" தங்கம்மாள் பாய்ந்து வாங்கிக்கொண்டாள். "என்னுதாச்சே இது! ரிப்பன்கூட நாங் கட்டுனது. எங்க கெடைச்சுதுங்க?"

"சாலைப்புதூர்ல. தெருக்கொழாயடில."

தங்கம்மாளின் கை அப்படியே நின்றது. அவள் சும்மாட்டைப் பார்த்தாள். பித்தளைக் குடத்தைப் பார்த்தாள். புங்கமரத்தடியைப் பார்த்தாள். பிறகு அடுக்களைத் தரையிலேயே மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க தண்ணிய விருந்தாளிக்குக் கொடுக்கறதில்லீங்க" என்றாள். குரல் பாதியாகிவிட்டது. "பழக்கம். பொண்ணு வூட்டுக்காரங்க ஒரு வாய் குடிச்சாங்கன்னா தட்டைத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. இந்தத் தண்ணில எம்பொண்ணு பல்லு போயிரும், முட்டி போயிரும்னு. அதனால வூட்டுக்கு வூடு ஒரு கொடம் கீழருந்து செமந்து வெச்சிருப்போம். வந்தவங்களுக்கு மட்டும். வூட்டு ஆளுங்க தொடக்கூடாது. எம்மவனுக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நான் தொட்டதில்ல."

"பாட்டிலை நீட்டுனப்போ?"

"வந்தவங்க தண்ணின்னு கேட்டா கை அந்தக் கொடத்துக்குத்தானுங்க போவும். மூளை எங்க கூட வந்துச்சு? கடல் தாண்டி வந்தவளுக்குக் காவித் தண்ணியவா ஊத்துவாங்க?"

"சோதனைக்கு வந்தா கிழிஞ்ச சட்டையக் காட்டணும் ஆத்தா. நீங்க பட்டுச் சட்டையக் காட்டிட்டீங்க" என்றான் மாதேஷ்.

"பாட்டிலை ஒருத்தரும் மாத்தல" என்றார் ராஜாமணி. "சாலைப்புதூர்க்காரங்க உங்க ஊத்துத் தண்ணியக் கொடுத்தாங்க. நீங்க அவங்க கொழாய்த் தண்ணியக் கொடுத்தீங்க. சோதிச்சவங்க சரியாத்தான் சோதிச்சிருக்காங்க."

"பல்லுகூட உங்க ஊருதுதான் ஆத்தா. சின்னராஜ்னு ஒரு பெரியவரு, கறிக்கொழம்புக்கு வாடகைக்கு விட்டிருக்காரு."

"எந் தம்பியா?" தங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பொழுதுக்கும் வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனானே!"

அந்த நேரத்தில் வாசலில் இரைப்புச் சத்தம் கேட்டது. இஸ்திரி போட்ட பேண்ட்டில் முள் அப்பியிருக்க, தொண்டு நிறுவனத்து வட்டார அதிகாரி இன்னாசி வந்து நின்றார். ராஜாமணி கீழிருந்து கறாராகப் பேசியது இவரிடம்தான். பின்னாலேயே ஊரும் கூடிவிட்டது. ராஜாமணி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். இன்னாசி கேட்டுவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"சரிங்க மேடம். ஆனா ஹெட் ஆபீசுக்கு என்ன காரணம் எழுதறது? மழையில கெட்டுப்போச்சுன்னா எழுதலாம். லேப் தப்புன்னா எழுதலாம். விருந்தாளிய நல்லாக் கவனிச்சதால ரிசல்ட் கெட்டுப்போச்சுன்னு எழுத எங்ககிட்ட எடமே இல்லீங்க."

"மறுசோதனை?"

"பண்ணலாம். அடிக்கல்லையும் நிறுத்தி வெக்கலாம். ஆனா ஊர்க்காரங்களே முன்னால வந்து, 'எங்க தண்ணி மோசம், போன தடவை தப்பாக் கொடுத்துட்டோம்'னு சொல்லணும். சொன்னவங்களோட ஃபோட்டோ, ஊர்ப் பேரோட வெப்சைட்ல போடுவோம். அது ரூல்."

'வெப்சைட்' என்ற வார்த்தை ஊருக்குப் புரிந்தது. அரூர்ப் பெண் வீட்டாரிடமும் போன் இருக்கிறது.

தர்மன் வெள்ளையடிக்கும் மட்டையைக் கையில் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தான். சொன்னால் அவன் கல்யாணம் தள்ளாடும். சொல்லாவிட்டால் மெஷின் கீழேயே நின்றுவிடும், அன்பரசி திருடியாகவே நின்றுவிடுவாள். கீழே சாலைப்புதூரில் மைக் கட்டி, "வருக, வருக" என்று பாட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

தங்கம்மாள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் பித்தளைச் செம்பு, இடுப்பில் பிளாஸ்டிக் குடம்.

செம்பை இன்னாசியிடம் நீட்டினாள். "இது நீங்க குடிக்க."

குடத்தை அவர் காலடியில் இறக்கினாள். "இது நாங்க குடிக்கறது. புடிச்சுக்கங்க."

பாட்டில் நிறைந்தது. இன்னாசி போனைத் தூக்கிப் பிடித்தார். பழக்க தோஷத்தில், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முந்தானை வழக்கம் போல வாய்க்குப் போயிற்று. பாதி வழியில் தங்கம்மாள் அதை இழுத்து இடுப்பில் சொருகினாள். வாயை நன்றாகத் திறந்து சிரித்தாள். "எடுங்க. எந் தம்பி காட்டுனதைவிட எம்பல்லு இன்னும் மோசம்."

ஃபோட்டோ எடுத்தாயிற்று. இன்னாசி பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

"நீங்க இருங்க சார்." தங்கம்மாள் அவரைத் தாண்டி வாசலைக் கடந்து புங்கமரத்தடிக்குப் போனாள். பாட்டிலை அன்பரசியின் கையில் வைத்தாள். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

"நீயே கொண்டு போ. ஒண்டியாவே போ."

அன்பரசி பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் பின்னால் போகவில்லை. மாதேஷ் பழக்கத்தில் ஆட்டோ சாவியைத் தேடி எழுந்தான். ராஜாமணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க கெளம்பிட்டே?"

"கரட்டடிலருந்து வண்டியில கூட்டிப் போலாம்னுங்க்கா..."

"உக்காரு. அது தனியாப் போய்ச் சேரட்டும்."

உட்கார்ந்தான். ஏறிய ஏற்றத்துக்கு மறுபடி தாகம் எடுத்தது. கேட்காமலே தங்கம்மாள் செம்பை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"வெள்ளிக்கெழம வர்றவங்களுக்கு எந்தக் கொடம் ஆத்தா?"

"வந்தாங்கன்னா இந்தக் கொடந்தான். ஃபோட்டோவப் பாத்துட்டே வந்தாலும் இதான். விருந்தாளி விருந்தாளிதானே."

மாதேஷ் செம்பைத் தள்ளிவைத்தான். "எனக்கு அந்த பிளாஸ்டிக் கொடத்துலருந்தே கொடுங்க. நான் விருந்தாளி இல்லீங்க, ஃபீஸ் வாங்கிட்டு வந்த ஆளு."

தங்கம்மாள் அவன் வாயை உற்றுப் பார்த்தாள்.

"வெள்ளப் பல்லுக்காரன் பேசற பேச்சு!" என்று செம்பை மறுபடி அவன் கையில் திணித்தாள். "மூடிக்கிட்டு இதையே குடி."